தினமா, நாளா?

ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் வாசலுக்கு மீன் கொண்டுவரும் அக்காவிடம், நாளைக்கும் வருவீர்களா என்று கேட்டேன். "தினம் வர்றவதானே தம்பி. ஆனா இன்னைக்குப் போட்டு போற நாள் இல்ல, நாளைக்கு வள்ளத்து மீன்தான்" என்றார். போட்டு என்றால் விசைப்படகு, வள்ளம் என்றால் நாட்டுப்படகு. சிறப்பு நாட்களின் பெயரில் 'தினம்' என்று எழுதுவதா, 'நாள்' என்று எழுதுவதா? நான் இங்கே சொல்ல வந்தது அந்த ஒரு பதிலுக்குள்ளேயே இருக்கிறது.

'தினம்' வடசொல். அங்கே அதற்குப் பகல், நாள் என்று பொருள். தமிழர் வாயில் அது 'ஒவ்வொரு நாளும்' என்றே படிந்துவிட்டது: தினக்கூலி, தினசரி, தினமும். குறித்த ஒரு நாளைச் சொல்ல அந்த அக்காவுக்கு 'நாள்' என்றுதான் வருகிறது.

'நாள்' சங்க காலம் தொட்டு நம்மிடம் இருக்கிறது. அதற்கு விண்மீன் என்றும் பொருள் உண்டு. கோள்மீன் வேறு, நாள்மீன் வேறு என்று பிரித்துச் சொன்னார்கள். மலையாளத்தில் இன்றும் பிறந்த நட்சத்திரத்தை 'நாள்' என்கிறார்கள். அன்று பூத்த பூ நாள்மலர்; பகலில் கூடும் சந்தை நாளங்காடி. நல்ல காரியத்துக்கு 'நாள் பார்க்கிறோம்', தினம் பார்ப்பதில்லை. மற்ற நாட்களிலிருந்து தனித்து நிற்கும் பொழுது என்பது இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கீழக்கரையில் நோன்புப் பெருநாள். பொங்கல் என்றால் திருநாள். பெருதினம், திருதினம் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

அப்புறம் ஏன் மாணவர் தினம், ஆமைகள் தினம் என்று எழுதுகிறோம்? பழக்கம்தான். அக்டோபர் 15, ராமேசுவரத்தில் 1931இல் பிறந்த அப்துல் கலாமின் பிறந்தநாள். அதை 'உலக மாணவர் தினம்' என்று ஐ.நா. அறிவித்ததாகப் பலரும் எழுதுகிறார்கள். ஐ.நா. பட்டியலில் அப்படி ஒன்று இல்லை. அது மக்கள் அன்பினால் வைத்துக்கொண்ட நாள், அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. தமிழக அரசு 2015இல் அதே நாளுக்கு 'இளைஞர் எழுச்சி நாள்' என்று பெயரிட்டது. சரியான தமிழ்.

ஜூன் 16, கடலாமை நாள். ஆமை ஆய்வாளர் ஆர்ச்சி கார் பிறந்த நாள் அது. இதையும் ஆர்வலர்களே கொண்டாடத் தொடங்கினார்கள். நம் கடற்கரைக்கு வரும் ஓர் ஆமைக்குப் 'பங்குனி ஆமை' என்றே பெயர். கரையேறி முட்டையிடும் பருவத்தையே அதற்குப் பெயராக வைத்த மக்களுக்கு, நாளுக்குப் பெயர் வைப்பது கடினமா என்ன?

சில நாட்கள் முதலில் இப்படித்தான் இருந்து, பிறகு ஏற்பு பெறுகின்றன. ஜூன் 8ஐப் பெருங்கடல் நாளாக்க 1992இல் ரியோ மாநாட்டில் கனடா முன்மொழிந்தது. ஐ.நா. ஏற்றது 2008இல்தான்.

இன்னொரு சொல்லையும் பார்த்துவிடுவோம். 'அனுசரிப்பு' என்பதற்குக் 'கடைப்பிடித்தல்' என்ற நல்ல தமிழ் இருக்கிறது. எல்லா நாளையும் 'கொண்டாடுகிறோம்' என்று எழுதுவதுதான் எனக்கு உறுத்துகிறது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பாம்பனிலிருந்து போன ரயிலையும் கடல் கொண்டது. அது நினைவு நாள். அதை எந்தப் பட்டியலிலும் யாரும் சேர்க்க வேண்டியதில்லை. இந்தத் தீவில் பெரியவர்களிடம் வயதைக் கேட்டால், "புயலுக்கு முந்திப் பொறந்தவ" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.