நன்றாகப் படிக்கிற பிள்ளை ஏன் அசைன்மென்ட்டைத் தருவதில்லை?

செமஸ்டர் முடிய மூன்று வாரம் இருக்கும்போதுதான் என் அறைக்குக் கூட்டம் வரும். வந்து உட்காருகிறவர்களில் பலர் முதலில் சொல்வது ஒன்றுதான்: “நான் ரொம்ப சோம்பேறி ஆயிட்டேன் மேடம்.” மாணவர்களுக்கான மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இந்தச் சொல்லை நான் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. கால் மணி நேரம் பேசினால் போதும், பெரும்பாலும் உள்ளே சோம்பல் இருக்காது, பயம்தான் இருக்கும்.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். பள்ளியில் எப்போதும் முதல் மூன்று இடத்துக்குள் வந்தவள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு, தொடர்ந்து மூன்று அசைன்மென்ட் தரவில்லை. எழுதவே இல்லையா என்று கேட்டேன். லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். கட்டுரையின் முதல் பத்தி மட்டும் பதினொரு விதமாக எழுதப்பட்டிருந்தது. இரண்டாம் பத்தி கிடையாது. “இது சரியா வரலைன்னா சார் என்னைப் பத்தி என்ன நினைப்பார்?” என்றாள்.

எதிலும் சிறு குறைகூட இருக்கக் கூடாது என்கிற இந்த எண்ணத்தை உளவியலில் நிறைவாக்க மனப்பான்மை (perfectionism) என்கிறோம். பால் ஹெவிட், கோர்டன் ஃப்ளெட் என்ற இரு ஆய்வாளர்கள் 1991-இல் இதை மூன்றாகப் பிரித்தார்கள். நமக்கு நாமே உயர்ந்த அளவுகோல் வைப்பது ஒன்று. அடுத்தவரிடம் குறையில்லாத வேலையை எதிர்பார்ப்பது இன்னொன்று. குறையில்லாமல் இருந்தால்தான் மற்றவர்கள் என்னை மதிப்பார்கள் என்று நம்புவது மூன்றாவது. என் அனுபவத்தில் மாணவர்களை அதிகம் வாட்டுவது இந்த மூன்றாவதுதான். அமெரிக்கா, கனடா, பிரிட்டனில் 1989 முதல் 2016 வரை கல்லூரி மாணவர்களிடம் எடுத்த அளவீடுகளைத் திரட்டி 2019-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மூன்று வகையுமே கூடியிருந்தன. அதிகம் கூடியிருந்தது இதேதான்.

சரி, இந்தக் குணம் எப்படி வேலையைத் தள்ளிப்போட வைக்கிறது? கோப்பைத் திறந்ததும் நெஞ்சு படபடக்கிறது. மூடிவிட்டு ஃபோனை எடுத்தால் படபடப்பு உடனே அடங்குகிறது. அந்த நிம்மதியை மூளை பிடித்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமே மூடச் சொல்கிறது. இரவில் குற்றவுணர்ச்சி வந்து தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்ட மறுநாள் கவனம் நிற்காது, வேலை இன்னும் மலையாகத் தெரியும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ‘எந்நேரமும் ஃபோனும் கையுமா இருக்கான்’ என்பது மட்டும்தான் தெரியும்.

அதனால் திட்டுவது வேலைக்கு ஆகாது. தன்னைத் தானே திட்டிக்கொள்வதும் அப்படித்தான். 2010-இல் முதலாண்டு மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமானது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். மன்னித்தால் பொறுப்பு போய்விடும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை அப்படி நடப்பதில்லை.

அந்த மாணவிக்கு நான் கொடுத்த வேலை இதுதான்: இருபது நிமிடம், வேண்டுமென்றே சுமாராக எழுது, அழிக்காதே, பாதியில் நிற்கிற அந்தப் பிரதியைப் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டு. கடைசிப் பகுதிக்குத்தான் இரண்டு வாரம் பிடித்தது. காட்டினாள். அவர் இரண்டு இடத்தில் திருத்தம் சொல்லி, மேலே எழுதச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. பயந்தது நடக்கவில்லை என்று அவளே கண்ணால் பார்த்தது, நான் சொன்ன எல்லா ஆறுதலையும்விட அதிகம் உதவியது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. “நீதான் எப்பவும் நல்லா பண்ணுவியே” என்று அன்பாகத்தான் சொல்கிறீர்கள். இப்படிப்பட்ட பிள்ளையின் காதில் அது ‘பண்ணாவிட்டால்?’ என்று விழுகிறது. அதைவிட, “இப்ப எது வரைக்கும் வந்திருக்கு?” என்று கேளுங்கள்.

அப்புறம், எல்லாமே தள்ளிப்போடும் பழக்கம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் மனம் சோர்ந்தே இருக்கிறது, பிடித்த விஷயத்தில்கூட நாட்டம் இல்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். நண்பர் யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால், அவரைத் தனியே விடாமல் நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள்.