கை கால் நன்றாக இருக்கிறது, காயம் மூளையில்: எம்.பி.மாரிடம் நாம் கேட்க வேண்டியவை

மூளைக்காயத்தோடு வாழும் ஒருவர் அரசாங்க அலுவலகத்தில் போய் நின்றால் முதலில் கேட்கப்படுவது, "உங்களுக்கு என்ன குறை?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும் திறனைத்தான் அவர் இழந்திருக்கிறார். நினைவு, கவனம், தன் நிலையைத் தானே உணரும் ஆற்றல் எல்லாமே அடிபட்டிருக்கும். "எனக்கு ஒண்டுமில்லை, நான் நல்லா இருக்கிறன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவார். கூடப் போன மனைவிக்கோ அம்மாவுக்கோ அழுவதைத் தவிர வழி தெரியாது.

நான் கொழும்பில் தொழில்வழிச் சிகிச்சையாளராக வேலை செய்கிறேன். ஆஸ்பத்திரியில் எங்களை 'ஓ.டீ.' என்பார்கள். குளிப்பது, உடுப்பது, சமைப்பது, கடைக்குப் போய் வருவது, பழையபடி வேலை செய்வது என்று அன்றாட வாழ்க்கையைத் திரும்பப் பழக்குவது எங்கள் பணி. மோட்டார் சைக்கிளில் அடிபட்டவர்கள், ஓட்டோ சாரதிகள், கட்டட வேலையில் உயரத்திலிருந்து விழுந்தவர்கள், பாரிசவாதம் வந்தவர்கள் எங்களிடம் வருகிறார்கள். வீதி விபத்துகளில் மட்டும் இந்த நாட்டில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கை மறுநாள் பத்திரிகையில் வந்துவிடும். தலையில் அடிபட்டு உயிர் தப்பி வீட்டுக்குப் போனவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

புறக்கோட்டைப் புடவைக் கடையொன்றில் கணக்குப் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடை நல்ல நடை, பேச்சும் தெளிவு. தேத்தண்ணி போடும் முறையைக் கேட்டால் ஒரு படி பிசகாமல் சொல்வார். "சரி அண்ணை, இப்ப போடுங்கோ" என்று கேத்தலைக் கொடுத்தோம். கோப்பைக்குள் தேயிலைத்தூள் போட்டார், சீனி போட்டார், கேத்தலில் தண்ணீர் நிரப்பினார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார். சுவிட்சைப் போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழும்பி இன்னொரு கரண்டி சீனி போட்டார். "என்ன அண்ணை பார்க்கிறீங்கள்?" என்று கேட்டபோது, "தண்ணி கொதிக்கட்டும் எண்டு இருக்கிறன்" என்றார். பக்கத்தில் நின்ற மனைவி மெதுவாகச் சொன்னார்: "மிஸ், வெளியில பார்த்தா ஒண்டும் தெரியாது. வீட்டுக்குள்ள வந்து பாருங்கோ."

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் ஒரு வேலையைத் தொடங்க வைக்கிறது, படிப்படியாக நடத்துகிறது, தவறினால் திருத்துகிறது, கோபம் வந்தால் அடக்குகிறது. அது காயப்பட்டால் வேலையைப் பற்றிய அறிவு இருக்கும், செய்து முடிக்கும் வல்லமை இருக்காது. இந்த அண்ணை தன் கடை வேலையை இழந்தது இதனால்தான். ஊர் இதைச் சோம்பல் என்கிறது, திமிர் என்கிறது. பேச்சுக் குழறி நடை தள்ளாடினால் குடிகாரன் என்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்டில் எழுதப்படும் 'இலேசான தலைக்காயம்' என்ற வரியும் குடும்பங்களைக் குழப்புகிறது. 1974இல் வந்த கிளாஸ்கோ அளவுகோலை வைத்துத்தான் அப்படி எழுதுகிறார்கள். கண் திறப்பு, பேச்சு, அசைவு மூன்றுக்கும் சேர்த்து 3 முதல் 15 வரை புள்ளி. 13 அல்லது அதற்கு மேல் என்றால் இலேசு, 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் கடுமை. அது முதல் மணித்தியாலங்களில் நோயாளி எவ்வளவு உணர்வோடு இருந்தார் என்பதற்கான அளவு மட்டுமே. ஆறு மாதம் கழித்து அவரால் கடைக் கணக்குப் பார்க்க முடியுமா என்று அது சொல்லாது. ஆனால் முதலாளியும் அலுவலகமும் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

சட்டம் இவர்களைக் கைவிடவில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், உடல் அல்லது உள ஆற்றல் குறைபாட்டால் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்களைப் பற்றிப் பேசுகிறது. குறை பிறவியிலேயே வந்திருக்க வேண்டும் என்றில்லை. மூளைக்காயம் இந்த வரைவிலக்கணத்துக்குள் அப்படியே அடங்கும். ஆனால் படிவம் நிரப்புகிறவர் கண்ணுக்குத் தெரியும் குறையைத்தான் தேடுகிறார்.

அந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டையும் உண்டு. பாகுபாடு காட்டக்கூடாது என்று அது சொல்வது வேலைக்கு ஆள் சேர்க்கும்போதும் கல்வி நிறுவனத்தில் அனுமதிக்கும்போதும். ஏற்கெனவே வேலையில் இருந்தவர் காயப்பட்டுத் திரும்பி வந்தால் அவருடைய இடம் என்னாகும் என்று அந்தப் பிரிவு பேசவில்லை. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோரின் பிரச்சினையே அதுதான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 26ஆம் உறுப்புரை புனர்வாழ்வைப் பற்றியது. 27ஆம் உறுப்புரை வேலையைத் தக்கவைத்துக்கொள்வதையும் வேலைக்குத் திரும்புவதையும் ஊக்குவிக்கச் சொல்கிறது. பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவரும் முயற்சி பல வருடங்களாக இழுபடுகிறது. அந்த வரைவில் 'வேலைக்குத் திரும்பும் உரிமை' என்று ஒரு பிரிவு இருக்க வேண்டும். நான் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கலாம் என்றால் இதைத்தான் கேட்பேன்.

மற்றது, வீட்டுக்குப் போகும்போது கையில் கிடைக்கும் காகிதம். ஐக்கிய இராச்சியத்தில் அனைத்துக் கட்சி எம்.பி.மார் சேர்ந்த குழு 2018இல் மூளைக்காயம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் என்ன புனர்வாழ்வு தேவை என்று எழுதிய பத்திரம் கொடுக்கப்பட வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. எங்கள் ஆஸ்பத்திரிகளிலும் டயக்னோசிஸ் கார்டோடு அப்படி ஒரு தாள் இணைக்கப்பட்டால், கிராம உத்தியோகத்தர் முதல் முதலாளி வரை காட்ட ஓர் ஆதாரம் இருக்கும். இதற்குப் பெரிய பணமும் தேவையில்லை.

நினைவையும் கவனத்தையும் அளக்கும் பரிசோதனை தமிழில் நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். விபத்துக்கு முன் சிங்களத்தில் சரளமாக வியாபாரம் செய்தவர், காயத்துக்குப் பிறகு தாய்மொழியில் மட்டும் சமாளிக்கும் நிலைக்கு வரலாம். அவரைச் சிங்களத்தில் கேள்வி கேட்டுப் புள்ளி போட்டால் அந்தப் புள்ளியை நம்ப முடியாது.

இதையெல்லாம் வைத்தியர்கள் போய்ச் சொல்வதைவிட, காயப்பட்டவரின் குடும்பத்தவர்களான நீங்கள் போய்ச் சொன்னால்தான் எடுபடும் என்று நான் நினைக்கிறேன். எம்.பி.க்கு எழுதும் கடிதம் தமிழிலேயே இருக்கலாம். ஒரு பக்கம் போதும். விபத்துக்கு முன் அவர் என்ன வேலை செய்தார், இப்போது காலை எழும்பியதிலிருந்து இரவு வரை எந்தெந்த வேலைக்கு இன்னொருவர் நிற்க வேண்டியிருக்கிறது, அதற்காக வீட்டில் யார் வேலையை விட்டார் என்பதை எழுதுங்கள். 'பெரும் கஷ்டத்தில் வாழ்கிறோம்' என்பதைவிட, 'அடுப்பை அணைக்க மறந்துவிடுவார், அதனால் நான் வேலைக்குப் போவதில்லை' என்ற வரி கேட்பவர் மனதில் நிற்கும். கடைசியில் கோரிக்கை ஒன்றை மட்டும் வையுங்கள்.

கட்சி பார்க்காதீர்கள். 2024இல் தெரிவான பாராளுமன்றத்தில் பார்வையற்றவரான சுகத் வசந்த டி சில்வா தேசியப் பட்டியல் மூலம் உறுப்பினராகியிருக்கிறார். உங்கள் மாவட்ட எம்.பி.க்கு அனுப்பும் கடிதத்தின் பிரதியொன்றை அவருக்கும் அனுப்புங்கள். அலுவலகமொன்று அநியாயமாக விண்ணப்பத்தை நிராகரித்திருந்தால், பாராளுமன்றத்தின் பொதுமனுக் குழு இருக்கிறது. அதற்கு மனுவை நேரே அனுப்ப முடியாது, எம்.பி. ஒருவர் ஊடாகத்தான் சமர்ப்பிக்க வேண்டும். ஆகவே எம்.பி.யைச் சந்திக்கும்போது மனுவையும் தயாராகக் கொண்டு போங்கள். பிரதேச செயலகத்தில் மூளைக்காயத்துக்காக எத்தனை பேருக்கு உதவிப்பணம் கிடைக்கிறது என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 'அப்படி ஒரு பிரிவே எங்களிடம் இல்லை' என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தையும் இணைத்துவிடுங்கள்.

காயப்பட்டவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சனமும் சத்தமும் அவரைக் களைக்க வைக்கும் என்பதால் காலையில் நேரம் கேளுங்கள். தான் சொல்ல நினைப்பதை அவர் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி, அதைப் பார்த்தே வாசிக்கட்டும். கொடுத்த எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்து, கொடுத்த திகதியைக் குறித்து வையுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் அந்தப் பிரதியோடு திரும்பப் போங்கள்.