வாயால் சொன்ன புகார் கணக்கில் ஏறாது: டூவீலர் ரீகால் பற்றிச் சில விவரங்கள்

2024 ஜூலையில் சுசுகி நிறுவனம் இந்தியாவில் 3,88,411 ஸ்கூட்டர்களை ரீகால் செய்தது, அதாவது கோளாறைச் சரிசெய்து தரத் திரும்ப அழைத்தது. ஆக்சஸ் 125, அவெனிஸ், பர்க்மேன் என மூன்று மாடல்கள். எல்லாம் 2022 ஏப்ரல் 30 முதல் டிசம்பர் 3 வரை தயாரானவை. இக்னிஷன் காயிலிலிருந்து ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் தடித்த ஒயரில்தான் கோளாறு. ஸ்கூட்டரில் எஞ்சின் பின்சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த ஒயர் மடங்கி நிமிரும். அளவு சரியாக அமையாத ஒயர் இப்படி மடங்கி மடங்கியே விரிசல் விட்டு, கடைசியில் அறுந்தும் போகும். விரிசல் வழியே ஸ்பார்க் கசிந்தால் வண்டி ஓட்டத்திலேயே நின்றுவிடும். தண்ணீர் பட்டால் வேக சென்சார், திராட்டில் சென்சார் வரை பழுதாகலாம்.

ஓட்டுபவருக்கு இதெல்லாம் தெரியாது. மழையில் வண்டி நிற்கிறது, காய்ந்ததும் ஓடுகிறது, அவ்வளவுதான். தெருமுனை மெக்கானிக் பிளக்கை மாற்றுவார், பெட்ரோலைக் குறை சொல்வார், கெட்டிக்காரராக இருந்தால் ஒயரில் இன்சுலேஷன் டேப் சுற்றி அனுப்புவார். வண்டி ஓடும். ஆனால் அந்தக் கோளாறு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அடுத்த மழையில் இன்னொருவர் பேருந்துக்கு முன்னால் நிற்பார்.

புகார் பதிவாவது ஏன் முக்கியம் என்பதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 2012 வரை இந்தியாவில் ரீகாலுக்கு ஒழுங்கான நடைமுறை கிடையாது. அந்த ஆண்டு வாகனத் தயாரிப்பாளர் சங்கமான சியாம் தானாக முன்வந்து ஒரு விதிமுறை கொண்டுவந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 110ஏ பிரிவு சேர்ந்தது. ஓட்டுநருக்கோ, சாலையில் போகும் மற்றவர்களுக்கோ, சுற்றுச்சூழலுக்கோ தீங்கு தரக்கூடிய கோளாறு இருந்தால், மத்திய அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம். அந்தக் கோளாறு அரசின் கவனத்துக்கு வரும் வழிகளில் முதலாவது, வண்டி உரிமையாளர்களில் குறிப்பிட்ட சதவீதத்தினர் புகார் செய்வது. சோதனை நிறுவனங்களின் அறிக்கை இன்னொரு வழி. இதற்கான மத்திய மோட்டார் வாகன விதி 127சி, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தயாரித்து 7 ஆண்டு தாண்டாத வண்டிகளுக்கு அது பொருந்தும். அரசு உத்தரவிட்டு ரீகால் செய்ய நேர்ந்தால் நிறுவனத்துக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். கோளாறைத் தானே கண்டு, தானே அறிவித்துத் திரும்ப அழைத்தால் அந்த அபராதம் இல்லை. அதனால், ரீகால் அறிவித்த கம்பெனி என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஒரே கோளாறு ஊரெங்கும் பேச்சாக இருந்தும் வாயே திறக்காத கம்பெனியைப் பார்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

உங்கள் வண்டி பட்டியலில் இருக்கிறதா?

மாடல் பெயரையும் வாங்கிய தேதியையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ரீகால் போவது தயாரான தேதியைப் பிடித்து. 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு, இக்னிஷன் காயில் கோளாறுக்காக 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மீட்டியார் 350-இல் 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை தயாரானவை, கிளாசிக், புல்லட்டில் 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தயாரானவை. ஜூனில் வாங்கிய கிளாசிக் ஏப்ரலில் தயாரானதாக இருக்கலாம். ஓசூரிலிருந்து வரும் டி.வி.எஸ். ஐக்யூப் மின்சார ஸ்கூட்டர் விஷயம் இன்னும் நுணுக்கமானது. 2023 ஜூலை 10 முதல் செப்டம்பர் 9 வரை தயாரானவற்றில் வெறும் 45 வண்டிகள்தான், சேசிஸின் பிரிட்ஜ் டியூபைப் பரிசோதிக்க 2024-இல் அழைக்கப்பட்டன. பக்கத்து வீட்டு ஐக்யூபுக்கு வராத அழைப்பு உங்களுக்கு வரலாம், உங்களுக்கு வராதது அவருக்கு வரலாம்.

ஆர்.சி.யில் தயாரான மாதமும் ஆண்டும் இருக்கும். 17 எழுத்துகள் கொண்ட சேசிஸ் எண்ணும் இருக்கும். அதே எண் பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில்பாருக்குக் கீழே, ஸ்டியரிங் கழுத்துக் குழாயில் குத்தப்பட்டிருக்கும். இரண்டையும் ஒருமுறை ஒத்துப்பாருங்கள். பிறகு அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் ரீகால் பக்கம் இருந்தால் அங்கே போட்டுப் பார்க்கலாம், இல்லையென்றால் வாடிக்கையாளர் சேவை எண்ணில் சொல்லிக் கேட்கலாம். சர்வீஸ் சென்டரில் கேட்கும்போது, “இந்த சேசிஸ் நம்பருக்கு ஓப்பன் கேம்பெயின் ஏதாவது இருக்கா?” என்று கேளுங்கள். ரீகால் என்ற சொல்லைப் பல இடங்களில் தவிர்ப்பார்கள், கேம்பெயின் என்றால் கணினியில் பார்ப்பார்கள்.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். நிறுவனத்தின் குறுஞ்செய்தி முதல் உரிமையாளரின் மொபைலுக்குத்தான் போகும். அவர் அதை அழித்துவிட்டு வேலையைப் பார்ப்பார். பெயர் மாற்றிய கையோடு அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகன் தளத்தில் உங்கள் மொபைல் எண்ணையும் ஏற்றிவிடுங்கள். பதிவு எண், சேசிஸ் எண், எஞ்சின் எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டால் சில நிமிட வேலை. ஷோரூம் பதிவிலும் தனியாக மாற்றச் சொல்ல வேண்டும், அது தானாக மாறாது.

அறிவிப்புகளின் வாசகம் ஒரு பெரிய குறை. 2024 பிப்ரவரியில் யமஹா, 2022 ஜனவரி முதல் 2024 ஜனவரி வரை தயாரான ரே இசட்ஆர், ஃபாசினோ ஹைப்ரிட் ஸ்கூட்டர்கள் சுமார் 3 லட்சத்தைத் திரும்ப அழைத்தபோது சொன்ன காரணம், ‘பிரேக் லீவரின் செயல்பாடு தொடர்பான’ பிரச்சினை. லீவர் இறுகுமா, தளருமா, திரும்ப வராதா? ஓட்டுபவர் கையில் என்ன உணர்வார் என்று ஒரு வரி எழுதியிருந்தால் எவ்வளவோ பேர் உடனே போயிருப்பார்கள்.

பிரேக்கில் இரண்டு கோளாறுகள்

2019-இல் ஹோண்டா, அந்த ஆண்டு பிப்ரவரி 4 முதல் ஜூலை 3 வரை தயாரான ஏவியேட்டர், ஆக்டிவா 125, கிரேசியா, சிபி ஷைன் வண்டிகளில் டிஸ்க் பிரேக் உள்ள 50,034-ஐ அழைத்தது. முன் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரில் (லீவரை அழுத்தும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) கோளாறு, முன்சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளலாம் என்பது காரணம். இந்த வகைப் பழுது எந்த நிறுவன வண்டியிலும் வரக்கூடியது. லீவரை விட்டதும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்க வேண்டும். அப்போதுதான் ஊசிமுனை அளவுத் துளை ஒன்று திறந்து, சூட்டில் விரிந்த பிரேக் ஆயில் மேலே உள்ள டப்பாவுக்குத் திரும்பும். பிஸ்டன் ஒரு மயிரிழை பின்தங்கினாலும் துளை மூடியே இருக்கும். விரியும் ஆயிலுக்குப் போக இடமில்லை, அது பேடை டிஸ்க்கின் மேல் தள்ளும். உரசலில் சூடு ஏறும், சூட்டில் ஆயில் மேலும் விரியும். ஆறியதும் எல்லாம் சரியாகிவிடும். மறுநாள் காலை சர்வீஸ் சென்டரில் வண்டி நல்ல பிள்ளையாக நிற்க, “ஒண்ணுமில்லையே சார்” என்று திருப்பி அனுப்புவார்கள்.

சந்தேகம் இருந்தால் நீங்களே பார்க்கலாம். போக்குவரத்து இல்லாத சாலையில் 15, 20 நிமிடம் ஓட்டுங்கள். கடைசி ஒரு கிலோமீட்டர் முன் பிரேக்கைத் தொடாமல், பின் பிரேக்கை மட்டும் வைத்து மெதுவாக வந்து நிறுத்துங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி, முன்சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். லேசான உரசல் சத்தம் சகஜம். கைவிட்டதும் சட்டென்று நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. டிஸ்க்கை விரலால் தொடாதீர்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் போதும், சுர்ரென்று ஆவியானால் சூடு தெரிந்துவிடும். டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரில் உள்ள பிளீடர் நிப்பிளை (ஆயிலை வெளியேற்றும் திருகு) மெக்கானிக் அரைத் திருப்பு தளர்த்தும்போது சக்கரம் விடுபட்டால், கோளாறு மாஸ்டர் சிலிண்டர் அல்லது ஹோஸ் பக்கம். அப்போதும் விடுபடவில்லை என்றால் காலிப்பரின் பிஸ்டன் சிக்கியிருக்கிறது. ஒன்றை மறக்க வேண்டாம்: ஸ்டைலுக்கு மாட்டும் வெளிக்கம்பெனி லீவர்களில் பிஸ்டனைத் தள்ளும் முனை கொஞ்சம் நீளமாக இருந்தாலே இதே பழுது வரும். அதை மாட்டிக்கொண்டு கம்பெனியைக் குறை சொன்னால் புகார் முதல் நிமிடத்திலேயே செத்துவிடும். பழைய லீவரை மாட்டிச் சோதித்துவிட்டுப் போங்கள்.

இரண்டாவது, 2021 டிசம்பரில் ராயல் என்ஃபீல்டு அழைத்த 26,300 புது கிளாசிக் 350. பின்னால் டிரம் பிரேக், ஒற்றைச் சேனல் ஏ.பி.எஸ். உள்ளவை, 2021 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 5 வரை தயாரானவை. டிரம் பிரேக் அழுத்தும்போது, பிரேக் ஷூ பொருத்திய தட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுழலப் பார்க்கும். சுழல விடாமல் அதைப் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முடன் பிடித்து நிறுத்த ஒரு பிராக்கெட் உண்டு. வழக்கத்துக்கு மீறிய பலத்தில் பெடலை மிதித்தால் அந்த பிராக்கெட் சேதமடையலாம், சத்தம் வரும், பிரேக் பிடிப்பு குறையும் என்றது நிறுவனம். பின்னால் ஆளும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குபவர் மிதிக்கும் மிதி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. டிரம் பிரேக் வண்டி எதுவானாலும், கழுவும்போது அந்த இணைப்பின் இரு முனைகளையும் பாருங்கள். வெல்டிங் ஓரத்தில் பெயிண்ட் கீறி, முடி போலத் துருக்கோடு தெரிந்தால் அது விரிசல். வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் ஏற்றிக்கொண்டு போவது நல்லது.

ஜாப் கார்டில் என்ன எழுத வேண்டும்?

நீங்கள் ஐந்து நிமிடம் விளக்கிச் சொன்னதை சர்வீஸ் அட்வைசர் ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது புகாரைக் குறிக்கும் சீட்டில், ‘பிரேக் செக்’ என்று இரண்டு சொல்லில் முடிப்பார். கம்பெனிக்குப் போவது அந்த இரண்டு சொல்தான். பிரேக் செக் என்று மாதம் ஆயிரக்கணக்கில் வரும். அதில் கோளாறின் தடம் தெரியாது. கையெழுத்துப் போடுவதற்கு முன் இப்படி எழுதச் சொல்லுங்கள்: “8,400 கி.மீ. 20 நிமிடம் ஓடியபின் முன் பிரேக் லீவர் இறுகுகிறது, சக்கரம் கையால் சுற்றவில்லை. அரை மணி நேரம் ஆறியபின் சரியாகிறது. இரண்டாவது முறை.” எத்தனை கிலோமீட்டரில், எந்த நிலையில், என்ன நடந்தது, எப்போது நின்றது, முன்பு எப்போது வந்தது. இவ்வளவும் இருந்தால் போதும். கோபமும் அடைமொழியும் தேவையில்லை.

ஜாப் கார்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள், தரவில்லையென்றால் மொபைலில் படமெடுங்கள். கோளாறு தெரியும்போது வீடியோ எடுத்தால் ஓடோமீட்டர் எண்ணும் ஒரே காட்சியில் தெரிய வேண்டும், வெட்டி ஒட்டக் கூடாது. வாரண்டியில் மாற்றும் பழைய பாகத்தைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். அதற்கு முன் உடைந்த இடத்தையும் அதில் பொறித்த பாக எண்ணையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘குறை ஒன்றும் காணவில்லை’ என்றால் அதையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதே புகாருக்கு மூன்றாம் முறை போகும் நிலை வந்தால், ஜாப் கார்டு எண்களையும் தேதிகளையும் வரிசையாக எழுதி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஷோரூம் மேனேஜரோடு சண்டை போடுவதைவிட அது வேகமாக வேலை செய்யும்.

பாதுகாப்புத் தொடர்பான கோளாறு என்றால், கூடவே வாகன் தளத்தின் ரீகால் பகுதியிலும் பதியுங்கள். 110ஏ சொல்லும் சதவீதக் கணக்கு அங்கேதான் ஏறும். சீட் உறை கிழிந்தது, மைலேஜ் வரவில்லை என்பதற்கான இடம் அது அல்ல. சர்வீஸ் தாமதம், பில் தகராறு போன்றவற்றுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. போன் செய்து என்ன ஆகப்போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 2023 செப்டம்பர் 1 முதல் 2024 ஆகஸ்ட் 30 வரை அந்த எண்ணில் ஓலா எலெக்ட்ரிக் மீது பதிவான 10,644 புகார்களை வைத்துத்தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் அந்த நிறுவனத்துக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அதே நிறுவனம் 2023 மார்ச்சில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தபோது அதற்கு வைத்த பெயர் மேம்பாடு. பெயர் எதுவானாலும், பிரேக், ஃபோர்க், ஸ்டியரிங், சக்கரம், பேட்டரி சம்பந்தப்பட்ட இலவச மாற்றம் என்றால் அதை ரீகாலாகவே எண்ணிப் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

பேட்டரி விஷயத்தில் தள்ளிப்போடவே கூடாது. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து, புகையில் தந்தையும் மகளும் இறந்தார்கள். அடுத்த மாதம் ஒகினாவா 3,215, ஓலா 1,441, ப்யூர் ஈவி 2,000 என வரிசையாக வண்டிகளைத் திரும்ப அழைத்தன. பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகள் அதன்பின் இறுக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன. அதற்கு முந்தைய ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் சார்ஜர் பின்னைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முனை பழுப்பாகக் கருகியிருந்தால், பேட்டரிப் பெட்டி உப்பியிருந்தால், ஒரே வாரத்தில் ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) பாதியாக இறங்கினால் சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு எழுத்தில் புகார் கொடுங்கள். வாசலை அடைத்தபடி இரவில் சார்ஜ் போடாதீர்கள்.

ரீகாலுக்குப் போகும்போது முதலில் போன் செய்து பாகம் கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், வீண் அலைச்சல் மிச்சம். பாகத்துக்கும் கூலிக்கும் காசு கிடையாது. கூடவே ஜெனரல் சர்வீஸ் செய்தே ஆக வேண்டும் என்றால் மறுக்கலாம். எல்லா வண்டிக்கும் பாகம் மாறும் என்றும் இல்லை. 2021 காயில் ரீகாலில் பத்து சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளுக்கே மாற்ற வேண்டியிருக்கும் என்று ராயல் என்ஃபீல்டு அப்போதே சொன்னது. சோதித்துப் பார்த்து ‘சரி’ என்று விட்டால், சேசிஸ் எண், தேதி, கேம்பெயின் எண் போட்டு பூஜ்ய ரூபாய் பில் வாங்குங்கள். பின்னால் அதே இடத்தில் உடைந்து மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை போக நேர்ந்தால் அந்த பில்தான் முதல் ஆவணம். கோளாறு தெரிந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை, அதனால் பெரும்பாலான டூவீலர் வழக்குகளில் மனுக் கட்டணம் கட்ட வேண்டியிருக்காது.