கரிம உரம், கனிம உரம்: சொல் விளக்கம்

கடைகளில் ‘ஆர்கானிக் உரம்’ என்று விற்கப்படுவதைத் தமிழ்நாட்டு வேளாண் வட்டாரங்கள் ‘அங்கக உரம்’ என்கின்றன; இலங்கைத் தமிழில் அது ‘சேதனப் பசளை’; பொதுப்பேச்சில் ‘இயற்கை உரம்’; அறிவியல் நடையில் ‘கரிம உரம்’. இதன் மறுதலைக்கு இரசாயன உரம், செயற்கை உரம், அசேதனப் பசளை, கனிம உரம் என்று அதே அளவுக்குப் பெயர்கள் உள்ளன. இவற்றுள் பொருத்தமானதைத் தேர, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களிடம் இவை எவ்வாறு செயற்படுகின்றன என்பதையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

பழந்தமிழில் இதற்கான சொல் எரு. ‘ஏரினும் நன்றால் எருவிடுதல்’ என்பது குறள் (1038). தெலுங்கில் இன்றும் ‘எருவு’ என்றே வழங்குகிறது. உரம் என்பதோ வள்ளுவரிடத்தில் உள்ளத்தின் திண்மை: ‘உரமொருவற்கு உள்ள வெறுக்கை’ (600). நிலத்துக்கு வலுவூட்டுவது என்ற பொருளில் அது பின்னர் இடுபொருளுக்கு ஆகி வந்தது எனலாம். எரு என்றால் மக்கிய சாணமும் தழையும்தான் நினைவுக்கு வரும். உரம் என்றாலோ மூட்டையில் வரும் யூரியாவும் பொட்டாஷும் அதில் அடங்கும். அதனால்தான் அடைமொழி தேவைப்படுகிறது.

அங்ககம் ‘உறுப்பு’ என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்தது. சேதனம் உணர்வுடையதைக் குறிப்பது. இரண்டும் ‘ஆர்கானிக்’ என்னும் மூலச்சொல்லின் நிழல்களே. ‘இயற்கை’ இன்னும் குழப்புகிறது. பொட்டாஷ் நிலத்தடியிலிருந்து வெட்டியெடுக்கப்படும் உப்பு, அதில் செயற்கை குறைவு. ‘இரசாயனம்’ என்று ஒதுக்கினால் சாணமும் வேதிப்பொருள்களின் தொகுதியே.

மண் நுண்ணுயிர்களுள் மிகப்பெரும்பாலானவை தம் ஆற்றலையும் உடலையும் கரிமம் (கார்பன்) கொண்ட பொருளிலிருந்தே பெறுகின்றன. தொழு உரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) நூற்றுக்கு அரைப் பங்களவே இருந்தாலும், அதனுடன் வரும் கரிமம் அவற்றுக்கு இரையாகிறது. மக்காத நெல் வைக்கோலை மடக்கி உழுதவுடன் நட்டால் பயிர் வெளுப்பதும் இதன் மறுபக்கமே: வைக்கோலில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு, ஆகவே அதைச் சிதைக்கப் பெருகும் நுண்ணுயிர்கள் பயிருக்குரிய தழைச்சத்தையும் மண்ணிலிருந்து தாமே எடுத்துக்கொள்கின்றன. எருக்குழியில் மக்க வைத்து இடும் வழக்கத்தின் காரணம் இது.

கனிம உரம் உப்பாகக் கரைந்து வேருக்கு நேரே சத்தைத் தருகிறது. நுண்ணுயிருக்கு அதில் இரை இல்லை. ஆயினும் அது நுண்ணுயிரைக் கொல்லும் நஞ்சு என்ற பரவலான கூற்றை நான் ஏற்கவில்லை. அளவோடு இட்டால் வேரும் தாளும் மிகுந்து விளைவதால், ஒன்றுமே இடாத நிலத்தைவிட நுண்ணுயிர்கள் கூடுவதும் உண்டு. கேடு வேறு வழியில் வருகிறது. அம்மோனிய உரங்களை நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1856 முதல் நடந்துவரும் புல்வெளி ஆய்வில், சுண்ணாம்பின்றி அம்மோனியம் சல்பேட் மட்டும் நெடுங்காலம் பெற்ற பாத்திகளில் மண் கடுமையாகப் புளித்து, செத்த புல் சிதையாமல் மெத்தைபோல் மேலேயே தங்கிவிட்டது. பயிருக்கும் நுண்ணுயிருக்கும் இடையிலான சில உறவுகளும் தளர்கின்றன: நைட்ரேட் மிகுந்தால் பயறுவகை வேரில், காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபிய பாக்டீரியாவின் முடிச்சுகள் குறையும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்தால் வேரோடு ஒன்றி வாழும் வேர்ப்பூஞ்சையின் பிணைப்பு குறையும்.

அதே நிலையத்தில் 1843-இல் தொடங்கிய கோதுமை ஆய்வில், ஆண்டுதோறும் எக்டேருக்கு 35 டன் தொழு உரம் பெற்ற பாத்தியில் மண் கரிமம், கனிம உரம் மட்டும் பெற்றவற்றைப் போல் இரு மடங்குக்கும் மேல் உயர்ந்துள்ளது. கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கப்பட்ட நிலையான உர ஆய்வும் இவ்வகையினதே. இந்திய நிலங்களில் பொதுவாக இரண்டையும் சேர்த்து இட்ட பாத்திகளே விளைச்சலிலும் நுண்ணுயிர் வளத்திலும் முந்துகின்றன.

எனவே, இரை உண்டா இல்லையா என்பதைச் சொல்லிலேயே காட்டும் ‘கரிம உரம்’, ‘கனிம உரம்’ என்னும் இணையே எனக்கு ஏற்புடையது. இதில் ஒரு சிக்கல் உண்டு. யூரியாவின் மூலக்கூற்றிலும் கரிமம் இருக்கிறது. 1828-இல் ஜெர்மானிய வேதியியலாளர் வோலர் அதை ஆய்வகத்தில் ஆக்கிக் காட்டியதே கரிம வேதியியலின் திருப்பம். ஆனால் மண்ணில் யூரியேஸ் நொதி அதைச் சில நாள்களில் உடைத்துவிட, அந்தக் கரிமம் கரியமில வாயுவாகப் பிரிந்துவிடுகிறது. வேதியியலார்க்குக் கரிமச் சேர்மமான அதை உழவர் கனிம உரங்களோடு வைப்பதில் தவறில்லை.

‘உயிர் உரம்’ இவ்விரண்டிலும் சேராது. அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களே அங்கு இடுபொருள். எக்டேருக்கு 2 கிலோ அசோஸ்பைரில்லத்தை 25 கிலோ மக்கிய தொழு உரத்துடனும் 25 கிலோ மண்ணுடனும் கலந்து தூவச் சொல்வார்கள். யூரியாவுடன் சேர்த்துத் தூவக் கூடாது. கரையும் உரத்தின் செறிவு அவற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.