கள்ளத்தோணி: ஒரு படகின் பெயர் மனிதர்கள்மேல் விழுந்த கதை

தமிழ்நாட்டில் கள்ளத்தோணி என்றால் கடத்தல் படகுதான் நினைவுக்கு வரும். இலங்கையில் அந்தச் சொல் ஆளைக் குறிக்கும், அதுவும் வசையாக. தேயிலைத் தோட்டங்களில் நான்கைந்து தலைமுறையாக வாழ்பவர்களைப் பார்த்துச் சொல்லப்பட்ட சொல் இது. சிங்களமும் இதை மொழிபெயர்க்காமல் ‘கல்லத்தோனி’ என்று அப்படியே எடுத்துக்கொண்டது. தமிழிலிருந்து போன ஒரு சொல் தமிழரையே அடிக்கும் கல்லாகத் திரும்பி வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கசக்கிறது.

சொல்லின் அமைப்பு எளிது. கள்ளச்சாவி, கள்ளநோட்டு, கள்ளக்கணக்கு போலக் கள்ளத்தோணி. அனுமதியில்லாமல் கடல் கடக்கும் தோணி, அவ்வளவுதான். தோணியின் பெயர் அதில் வந்தவருக்கு ஆகி வருவதை இலக்கணத்தில் இடவாகுபெயர் என்று சொல்லிவிடலாம். ‘ஊர் சிரித்தது’ என்கிறோமே, அந்த மாதிரி. ஆனால் தோணியில் வராதவருக்கும் தோணியின் பெயர் ஆகி வந்ததற்கு இலக்கணத்தில் விடை கிடையாது. அதை வரலாற்றில்தான் தேட வேண்டும்.

மன்னார்க் கடலில் ஆட்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது காலங்காலமாக நடப்பது. அது குற்றமானது சட்டம் வந்தபின்தான். 1948இல் இலங்கை குடிவரவு, குடியகல்வுச் சட்டம் இயற்றியது. அப்புறம் ராமநாதபுரக் கரையிலிருந்து இரவில் வரும் தோணிகளைப் பிடிக்கப் படையே இறங்கியது. 1963இல் அதற்கென்று தனிப்படைப் பிரிவும் அமைந்தது. அப்படி வந்தவர்கள் இருந்தார்கள், மறுக்க வேண்டியதில்லை.

தோட்டத்துச் சனங்கள் வந்த வழியே வேறு. 1820களில் காப்பித் தோட்டங்களுக்காக வெள்ளைக்காரர்கள் ஆள் திரட்டினார்கள். கங்காணிகள் ஊர் ஊராகப் போய் அழைத்து வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 1914க்குப்பின் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை. தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு ஒன்றைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள், பயணச் செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கு என்பதற்கு அந்தத் தகரமே சாட்சி. அரசு பார்த்து, எண்ணி, பதிந்து அழைத்து வந்தவர்களுக்குத்தான் கள்ளத்தோணி என்று பெயர்.

பெயர் அவர்கள்மேல் ஒட்டிக்கொள்ள வழி செய்தது 1948இன் குடியுரிமைச் சட்டம். இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகப்பன் வழித் தாத்தாவும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். லயம் என்னும் தோட்டத்து வரிசை வீட்டின் அறையில் பிறந்த பூட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் யார் எழுதி வைத்தார்கள்? மறுவருடம் வந்த இன்னொரு சட்டத்தின்கீழ் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மற்றவர்கள் ‘நாடற்றவர்’ ஆனார்கள். காகிதம் இல்லாதவரையெல்லாம் தோணியில் வந்தவர் என்று சொல்வது அதன்பின் வெகு சுலபமாகிவிட்டது.

சரி, இதற்குச் சரியான சொல் எது? பொருளுக்குத் தக்கபடி பிரித்துக்கொள்ள வேண்டும். படகைக் குறிக்கக் கள்ளத்தோணியே இருக்கட்டும். அனுமதியின்றி வந்தவரைக் குறிக்க அலுவலகத் தமிழில் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்கிறார்கள். எனக்கு அது உவப்பில்லை. ஒரு மனிதரே சட்டவிரோதம் என்பதுபோல ஒலிக்கிறது. ‘ஆவணமில்லாதவர்’ என்பதே நேர்மையான சொல். இல்லாதது எதுவோ அதை மட்டும் சொல்கிறது.

தோட்டத்துச் சமூகத்தைக் குறிக்கக் குடிசனக் கணக்கெடுப்பு 1911 முதல் ‘இந்தியத் தமிழர்’ என்று தனித் தலைப்பு வைத்தது. ‘இந்திய வம்சாவளித் தமிழர்’ என்பதும் புழக்கத்தில் உண்டு; அந்தச் சமூகத்திலேயே அதை விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இரண்டுமே அவர்களை இன்னொரு நாட்டை நோக்கித் திருப்பி நிறுத்துகின்றன. ‘மலையகத் தமிழர்’ அப்படியல்ல. மலையை வெட்டித் திருத்திய கைகள் அந்த மலையின் பெயரைத் தங்களுக்கு வைத்துக்கொண்ட சொல் அது. நான் எழுதும்போது அதைத்தான் எழுதுவேன்.

இந்தியா வைத்த பெயரையும் சொல்லியாக வேண்டும். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி, நாடற்றவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அவர்களில் யாரிடமும் எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டுவிட்டு இந்தக் கணக்கைப் போடவில்லை. இலங்கையில் எஞ்சிய நாடற்றவர்களுக்குக் குடியுரிமை முழுமையாகக் கிடைக்க 2003இன் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கப்பலேறி வந்தவர்களுக்குத் தமிழ்நாட்டு அரசு வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. அவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் நீலகிரியில் அரசே தேயிலைத் தோட்டம் தொடங்கியது. வந்தவர்களில் பெரும்பாலோர் இலங்கையில் பிறந்தவர்கள், இந்தியாவை முதல்முறை பார்த்ததே இராமேசுவரத்தில் இறங்கியபோதுதான். கோத்தகிரியிலும் கூடலூரிலும் ஊர்க்காரர்கள் அவர்களைக் கூப்பிட்டது ‘சிலோன்காரங்க’ என்று.