காற்றாலை: சொல் விளக்கம்

வீசும் காற்றின் இயக்க ஆற்றலைச் சுழற்சியாக மாற்றி, அச்சுழற்சியைக் கொண்டு மின்சாரம் ஆக்கும் பொறியை இன்று 'காற்றாலை' என்கிறோம். அத்தகைய பொறிகள் வரிசையாக நிற்கும் இடத்துக்கும் அதே பெயர் வழங்குகிறது.

இச்சொல்லின் முற்பகுதியாகிய 'காற்று', 'கால்' என்னும் அடியிலிருந்து பிறந்தது. சங்கப் பாடல்களில் 'கால்' என்பதும் காற்றைக் குறிக்கும். 'வளி' என்ற சொல்லும் உடன் வழங்கியது. கரிகாலனின் முன்னோனை 'வளிதொழில் ஆண்ட உரவோன்' என்று வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றின் 66ஆம் பாட்டில் போற்றுகிறார். காற்றை ஏவல்கொண்டு கடலில் நாவாய் ஓட்டிய திறமே அங்குப் பாடப்படுகிறது.

'ஆலை' முதலில் கரும்பு பிழியும் எந்திரத்தையும் அது இயங்கும் களத்தையும் குறித்தது. பெரும்பாணாற்றுப்படை கூறும் 'புகைசூழ் ஆலை' கருப்பஞ்சாறு காய்ச்சும் இடமே. பிற்காலத்தில் பஞ்சாலை, அரிசி ஆலை, காகித ஆலை என்று அதன் பொருள் விரிந்தது. காற்றாலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய 'விண்ட்மில்' என்பதில் உள்ள 'மில்', அரைத்தலைக் குறிக்கும் லத்தீன் வினையின் வழிவந்தது. பாரசீகத்திலும் ஐரோப்பாவிலும் காற்று தானியம் அரைத்த காலத்துப் பெயர் அது. 1887இல் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் காற்றைக் கொண்டு மின்விளக்கு ஏற்றிய பின்னர் அரைக்கும் வேலை நீங்கியது, பெயர் மட்டும் நிலைத்தது. தமிழ் 'ஆலை'யோ அதற்குள் எந்தத் தொழிற்கூடத்துக்கும் பொருந்தும் அளவுக்கு விரிந்துவிட்டதால், 'காற்றாலை' பொருள் குன்றாமல் நிற்கிறது.

ஆயினும் பொறியை மட்டும் தனித்துச் சுட்ட வேண்டிய இடத்தில் 'காற்றுச்சுழலி' என்பதே செப்பமானது. 'டர்பைன்' என்ற சொல்லை 1822இல் பிரெஞ்சுப் பொறியாளர் குளோது பூர்தேன், சுழலையும் பம்பரத்தையும் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ஆக்கினார். 'சுழலி' அக்கருத்தை அப்படியே தாங்குகிறது.

மக்கள் வழக்கையும் இங்கே கருத வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய ஊர்களில் இப்பொறி 'காத்தாடி'; நீண்ட லாரியில் சாலையை அடைத்துக்கொண்டு செல்லும் அதன் நெடிய உறுப்பு 'இறக்கை'. பாடநூல்கள் விரும்பும் 'அலகு' என்பதைவிட இது பலமடங்கு பொருத்தமானது. அவ்வுறுப்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் விமான இறக்கையின் வடிவமே தெரியும்; ஒருபக்கம் அழுத்தம் குறைவதால் எழும் தூக்குவிசையே அதைச் சுழற்றுகிறது. மேலும், 'அலகு' அளவையின் பெயராகவும் வழங்குவதால், மின்சாரம் பற்றிய கட்டுரையில் குழப்பமே மிஞ்சும்.

நாளிதழ்களில் பரவியுள்ள 'காற்று எரிசக்தி' என்ற தொடரை நான் ஏற்பதில்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து தருவது எரிசக்தி. காற்றிலிருந்து மின்சாரம் பெறுகையில் எதுவும் எரிவதில்லை. புதுப்பிக்கத்தக்க மூலங்களின் தனிச்சிறப்பையே மறைத்துவிடும் அத்தொடருக்கு மாற்றாகக் 'காற்றாற்றல்' என்று எழுதலாம்.

ஆற்றலும் திறனும் ஒன்றல்ல என்பதிலும் கவனம் வேண்டும். எவ்வளவு வேலை நடந்தது என்பது ஆற்றல். எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பது திறன். மெகாவாட் திறனின் அளவு, மின்கட்டணப் பட்டியலில் வரும் யூனிட் (ஒரு கிலோவாட்-மணி) ஆற்றலின் அளவு. காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலுள்ள திறன் எட்டு மடங்காகும் என்பதால்தான் ஆடிக்காற்று நுழையும் கணவாய்கள் தேடித்தேடித் தெரிவு செய்யப்பட்டன. எனவே '2 மெகாவாட் மின்சாரம் உற்பத்தியானது' என்பதைவிட, '2 மெகாவாட் திறனுள்ள காற்றுச்சுழலி, ஒரு மணி நேரம் முழுத்திறனில் இயங்கி 2,000 யூனிட் ஆற்றல் தந்தது' என்று எழுதுவதே பிழையற்ற வழக்கு.