வளரிளம் பருவத்தினருக்கு மனநல உதவி: எங்கே கேட்பது, எதைக் கேட்பது?

பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்றால் எங்கே போவது என்று எல்லா வீட்டுக்கும் தெரியும். மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை, சாப்பாட்டைத் தொடுவதில்லை, பள்ளிக்கூடம் என்றாலே அழுகை என்றால் பெரும்பாலான வீடுகள் திகைத்து நிற்கின்றன. வயதுக் கோளாறு என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். சிலர் மந்திரித்த கயிறு கட்டி அழைத்து வருகிறார்கள். இதற்கென்று அரசுச் சேவைகள் இருக்கின்றன, அவற்றைக் கேட்டுப் பெறும் உரிமையைச் சட்டமே தந்திருக்கிறது என்ற செய்தி அந்த வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. தமிழ்நாட்டில் இருக்கும் 10 முதல் 24 வயது வரையிலான பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் நினைவில் வைக்க வேண்டிய எண் 14416. டெலி மானஸ் என்ற இந்தத் தொலைபேசிச் சேவையை ஒன்றிய அரசு 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில், தொடங்கியது. அதே மாதம் தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் அது நடைமுறைக்கு வந்தது. 1800-891-4416 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இரவு பகல் எந்நேரமும் இயங்கும்; கட்டணம் கிடையாது. மொழியைத் தேர்ந்தெடுத்ததும் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பேசுவார். அவர் மருத்துவர் அல்லர். தேர்வு பயம், தூக்கமின்மை, காதல் முறிவு, வீட்டில் ஓயாத சண்டை, நண்பர்கள் ஒதுக்கிவைத்த வேதனை போன்றவற்றை அவரிடமே பேசலாம். அதற்கு மேல் உதவி தேவை என்று அவருக்குத் தோன்றினால் மனநல மருத்துவரிடம் இணைப்பார், அல்லது அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கு வழி சொல்வார்.

பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நோயின் பெயரும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ‘எனக்கு என்னவென்று சொல்லத் தெரியவில்லை, கொஞ்ச நாளாக நான் நானாக இல்லை’ என்று தொடங்கினால் போதும். மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். வீட்டில் ஒரே கைபேசி, ஒரே அறை என்றால் பிள்ளைக்கு இந்த எண் இருந்தும் இல்லாததுபோல்தான். பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி, கைபேசியைக் கையில் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் வெளியே போய் நிற்பது. திரும்பி வந்து ‘என்ன பேசினாய்?’ என்று விசாரிக்காமல் இருப்பது அதைவிடப் பெரிய உதவி.

தொலைபேசி வழியே மருத்துவரைக் கலந்தாலோசிப்பதற்கு மட்டும் ஒரு விதி உண்டு. 2020ஆம் ஆண்டின் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளின்படி, 18 வயது நிரம்பாதவருடன் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். ஆலோசகரிடம் மனம்விட்டுப் பேசும் முதல் அழைப்பை இந்த விதியை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம்.

தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். நீட் எழுதிய மாணவர்களை அழைத்துப் பேசும் பணியையும் இந்தச் சேவை செய்து வந்திருக்கிறது. அடி, துன்புறுத்தல், கட்டாயத் திருமணம் போன்ற ஆபத்தில் இருக்கும் 18 வயதுக்குட்பட்டவர்கள் 1098ஐ அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றும் நேரத்தில் ஆலோசனைக்குக் காத்திருக்காதீர்கள். பிள்ளையைத் தனியே விடாமல், 108 ஆம்புலன்ஸை அழைத்து, அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

நேரில் போவதென்றால்

தமிழ்நாட்டில் கீழ்ப்பாக்கம் என்ற ஊரின் பெயரையே கேலிக்குப் பயன்படுத்திப் பழகிவிட்டோம். 1794இல் தொடங்கிய, அங்குள்ள அரசு மனநல மருத்துவமனை இன்றும் ஏராளமான குடும்பங்களுக்கு ஆதரவாக இருக்கிறது. அந்தக் கேலியோ மருத்துவமனைக்குப் போக வேண்டிய பிள்ளைகளை வீட்டுக்குள் முடக்கி வைக்கிறது. மனநல மருத்துவரைப் பார்க்கக் கீழ்ப்பாக்கம்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பார்க்கிறார்கள். எந்த நாளில், எந்த நேரத்தில் என்பதை 104இல் கேட்டுக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம். மற்றப் பிரிவுகளுக்குப் போவதைப் போலவே புறநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம்.

மனநலப் பிரிவு என்ற பலகையைக் கண்டாலே பிள்ளை தயங்கினால் இன்னொரு வாசல் இருக்கிறது. 2014 ஜனவரியில் தொடங்கிய ராஷ்ட்ரிய கிஷோர் சுவாஸ்திய காரியக்ரம் என்ற தேசியத் திட்டத்தின் கீழ், 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கென்று அரசு மருத்துவமனைகளில் வளரிளம் பருவத்தினர் நலக் கிளினிக்குகள் நடக்கின்றன. இரத்தசோகை, மாதவிடாய்த் தொல்லை, போதைப் பழக்கம், வன்முறை, மனநலம் எல்லாம் இதன் வரம்பில் வரும். மாதவிடாய் வலி என்று போன பெண், தூக்கம் வராததைப் பற்றியும் அங்கேயே பேசலாம்.

பதினெட்டு வயதுக்கு முன்னும் பின்னும்

இந்த உரிமைகளுக்கெல்லாம் அடித்தளம் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. அது 2018இல் நடைமுறைக்கு வந்தது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி தரும் மனநலச் சேவையைப் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று அதன் 18ஆம் பிரிவு சொல்கிறது. குழந்தைகளுக்கான மனநலச் சேவையும் அரசு தர வேண்டியவற்றில் ஒன்று. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சிகிச்சை இலவசம். அதற்கான அட்டை கையில் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது.

இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது 3ஆம் பிரிவு. ஒருவர் தம் சமூகத்தில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு, மத நம்பிக்கைகளுக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது அது. வேறு சாதியில் காதலிக்கும் பெண், வீட்டார் பார்த்த மாப்பிள்ளையை மறுக்கும் பெண், கோயிலுக்கு வர மறுக்கும் பையன் ஆகியோரை ‘புத்தி சரியில்லை’ என்று மருத்துவமனைக்கு இழுத்துப் போகும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. சட்டம் அந்தப் பிள்ளைகளின் பக்கம் நிற்கிறது.

மருத்துவமனையில் சேர்ப்பதில்தான் வயது பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது. 18 வயது நிரம்பாதவருக்குச் சட்டப்படியான பாதுகாவலரே, பொதுவாகப் பெற்றோரே, முடிவெடுப்பவர். ஆனால் அவர்கள் கேட்டதும் சேர்த்துவிட முடியாது. 87ஆம் பிரிவின்படி, இரண்டு மனநல மருத்துவர்களோ, ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநல நிபுணரும் அல்லது மருத்துவரும் சேர்ந்தோ, தனித்தனியே பிள்ளையைப் பார்த்து, சேர்ப்பது தேவைதான் என்று கருத வேண்டும். பெரியவர்கள் இருக்கும் வார்டில் பிள்ளையைப் போடக் கூடாது. பாதுகாவலரோ அவர் அமர்த்தும் ஒருவரோ உடன் தங்க வேண்டும்; சிறுமி என்றால், பாதுகாவலர் ஆணாக இருக்கும்போது, பெண் ஒருவர் துணைக்கு இருக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள், இத்தகைய சேர்க்கைகளைச் சரிபார்க்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். 30 நாட்களைத் தாண்டினால் வாரியம் கட்டாயம் மறுஆய்வு செய்ய வேண்டும். மூளைக்கு மின்சாரம் செலுத்தும் மின்னதிர்வுச் சிகிச்சையைச் சிறாருக்குப் பாதுகாவலரின் ஒப்புதலும் வாரியத்தின் முன் அனுமதியும் இல்லாமல் தர முடியாது.

18 வயது நிரம்பிவிட்டால் முடிவு அவருடையது. சிகிச்சைக்குத் தாமே போகலாம், தாமே சேரலாம், விரும்பினால் வெளியே வரலாம். அப்படித் தாமே சேர்ந்தவரை மறுமதிப்பீட்டுக்காக அதிகபட்சம் 24 மணி நேரம்தான் நிறுத்தி வைக்க முடியும். தம்மால் முடிவெடுக்க இயலாத நிலை வந்தால் தம் சார்பில் யார் பேச வேண்டும் என்பதையும் முன்கூட்டியே குறிப்பிடலாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டாலே செல்லும். அந்த நபர் வயது வந்தவராகவும், எழுத்தில் சம்மதம் தருபவராகவும் இருந்தால் போதும். உறவினராக இருக்க வேண்டும் என்பதில்லை. வெளியூரில் தங்கிப் படிப்பவர்களுக்கு இது மிகவும் பயனுள்ள ஏற்பாடு. பாதுகாப்பாக இல்லாத வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக.

இரகசியம் குறித்து ஒளிவுமறைவு இல்லாமல் சொல்ல வேண்டும். சிகிச்சைத் தகவல்களைக் காப்பது 23ஆம் பிரிவு தரும் உரிமை. கல்லூரி நிர்வாகமோ, விடுதிக் காப்பாளரோ, வருங்கால முதலாளியோ கேட்டார்கள் என்பதற்காக மருத்துவர் சொல்லக் கூடாது. அதற்கு விதிவிலக்குகளும் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் வெளியே சொல்லலாம். 18 வயதுக்குட்பட்டவரின் சிகிச்சை பற்றிப் பாதுகாவலருக்குத் தெரிவிக்க நேரும். 18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் வன்முறை நடந்தது தெரியவந்தால், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி ஆலோசகர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். நல்ல ஆலோசகர் இந்த எல்லைகளை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால், ‘நான் சொல்வதை யாரிடமெல்லாம் சொல்வீர்கள்?’ என்று பிள்ளையே கேட்கலாம்.

உயிரை விட முயன்ற பிள்ளையைக் காவல் வழக்குக்குப் பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் தாமதிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, அச்சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த வடிவில் இல்லை. பயத்தை விட்டுவிட்டு ஓடுங்கள்.

பள்ளியும் கல்லூரியும் செய்ய வேண்டியவை

விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று நாடு முழுவதற்கும் 15 நெறிமுறைகளை வகுத்தது. பள்ளி, கல்லூரி, பயிற்சி மையம், விடுதி எல்லாவற்றுக்கும் அவை பொருந்தும். உரிய சட்டம் வரும்வரை கட்டுப்படுத்தும். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் இருந்தால் தகுதி பெற்ற ஆலோசகரோ, உளவியலாளரோ, சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும். சிறிய நிறுவனங்கள் வெளியில் உள்ள நிபுணர்களுடன் முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைத் தனித்தனி வகுப்புகளாகப் பிரிப்பது, எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவது, திறனுக்கு மீறிய இலக்கு வைப்பது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும். டெலி மானஸ் உள்ளிட்ட உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் இணையதளத்திலும் கண்ணில் படும்படி பெரிதாக எழுதி வைக்க வேண்டும்.

தேர்வு முடிவுப் பட்டியலைக் கடைசி இடம்வரை சுவரில் ஒட்டிவைத்துப் பெருமைப்படும் பயிற்சி மையங்களுக்கு இந்தத் தீர்ப்பைப் படித்துக் காட்ட வேண்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ஆலோசகர் யார், எந்த அறையில், எந்த நேரத்தில் இருப்பார்? கணித ஆசிரியரே கூடுதலாகப் பார்த்துக்கொள்கிறார் என்று பதில் வந்தால், அவருடைய தகுதி என்ன என்று கேட்பதில் தவறில்லை. அரசுப் பள்ளியானால் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுப்பித் தீர்மானமாகவே பதிவு செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும்.

தனியார் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தவர்கள் காப்பீட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். உடல்நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. பெரும்பாலான பாலிசிகள் உள்நோயாளிச் செலவை மட்டுமே ஏற்கும் என்பதால், கவுன்சலிங் கட்டணத்துக்குப் பணம் வருமா என்பதை முன்பே படித்துவிடுவது நல்லது. மனநோய் என்ற ஒரே காரணத்தால் மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கி, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும், அங்கே தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கும் எழுதுங்கள். குறைதீர்ப்பாளரிடம் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை.